ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் ஏலாது

வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கனகரத்தினம் நித்திரையாகிப் போனதுதான் சிக்கலின் தொடக்கம்.

தீர்மானம் இதுதான்: இவ்வளவு காலமும் நாலு பேர் மட்டும் கேட்டு வந்த இசையை இனி ஊராரும் கேட்கலாமா, கூடாதா? கேட்கலாம் என்று லைலா டீச்சர் கை தூக்கினார். கூடாது என்று சிவகுருநாதன் கை தூக்கினார். அந்த இசையை ஆக்குகிற றஊப், தன் பெட்டியின் திருகாணி ஒன்றை முறுக்கியபடி, "நீங்க பாத்து முடிவெடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். மிச்சம் கனகரத்தினம். துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கதிரையில் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தவர், காதடியில் வந்த நுளம்பை விரட்டக் கையைத் தூக்கினார்.

"ரெண்டுக்கு ஒண்டு," என்றார் லைலா டீச்சர். "எழுதுங்க சிவகுரு."

"அது நுளம்புக்குத் தூக்கின கை, டீச்சர்."

"கை தூக்கினா அது வாக்கு, காரணம் கேக்கப்படாது எண்டு சட்டம் எழுதினது ஆரு?"

எழுதியது சிவகுருநாதன்தான். சங்கத்தின் செயலாளர் அவர். நாலு பேர் உள்ள சங்கத்துக்குப் பதினெட்டுச் சட்டம் எழுதி, கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டி, கீழே நாலு கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். தன் கையால் எழுதிய சட்டத்தை மீறுவதை விட அவர் தன் கையையே வெட்டிக்கொள்ளுவார். ஆகவே எழுதினார்: "தீர்மானம் நிறைவேறியது." அந்த நேரம் கனகரத்தினம் கண் விழித்து, "தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. திருகோணமலைப் பட்டினத்தில் சந்திக்குச் சந்தி மணல் மூட்டை. வயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டியோடு ஒருவர் தெருவில் போனால், அது என்ன பெட்டி என்று விளங்கப்படுத்தி வீடு வந்து சேரப் பொழுது பட்டுவிடும். றஊப் ரேடியோ திருத்துகிறவர். செத்த ரேடியோக்களின் சுருள்களையும் வால்வுக் குழாய்களையும் கழற்றிச் சேர்த்து, மூன்று திருகுமிழும் ஒரு செப்புக் கம்பியும் வைத்து, அப்படி ஒரு பெட்டியைத்தான் செய்து வைத்திருந்தார். கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அது குரல் எடுக்கும். தொடவும் வேண்டாம்.

ஆகவே பெட்டி கடைக்குள் இருக்கவில்லை. கடையின் பின்வளவில், யப்பான்காரனின் குண்டுக்குப் பயந்து வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன நிலவறை ஒன்று இருந்தது. பன்னிரண்டு படி கீழே இறங்க வேண்டும். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு நாலு பேரும் அதற்குள் இறங்கினார்கள். நேரத்தை மாற்ற ஏலாது. கார் பற்றரியில் ஓடுகிற அந்தப் பெட்டி சூடேறி நிதானத்துக்கு வர நாலு மணியாகும். ஐந்தரைக்குக் கடற்காற்று ஏறினால் சுருதி வழுகத் தொடங்கிவிடும். நடுவில் உள்ள அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் இசை.

அதில் பாட்டு இல்லை. தாளமும் இல்லை. நங்கூரச் சங்கிலி ஆழத்துக்கு இறங்குகிற மாதிரி ஒரு ஒலி தொடங்கும். அதன் மேல் இன்னொன்று மெல்ல ஏறி வந்து, முதலாவதோடு உரசி, இரண்டுக்கும் நடுவில் யாரும் வாசிக்காத மூன்றாவது ஒலி ஒன்று துடிக்கும். முதல் நாள் அதைக் கேட்டபோது சிவகுருநாதனுக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது. அன்றைக்கே சங்கத்தைத் தொடங்கி வைத்தார். ஊரிலே இது விளங்குகிற காதுகள் எட்டு என்று அவர் கணக்கு வைத்திருந்தார். கனகரத்தினத்தின் இடது காது கேட்காது. ஆக, ஏழு. அந்த ஏழில் இரண்டு தன்னுடையவை என்பதில் அவருக்கு வெளியே சொல்லாத பெருமை ஒன்று உண்டு.

வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசியதும் அதைத்தான். "கூட்டம் வந்தால், பிறகு கூட்டத்துக்கு என்ன பிடிக்கும் எண்டு பாக்கத் தொடங்குவம், டீச்சர். முதல் கிழமை ஒரு பாட்டுக் கேப்பினம். அடுத்த கிழமை ஒரு மேளம். ஆறு மாசத்தில றஊபின்ர பெட்டி கலியாண வீட்டுப் பந்தலுக்கை நிக்கும்."

றஊபின் அக்காவான லைலா டீச்சர், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரும் விடவில்லை. "நான் முப்பது வருசம் படிப்பிச்சிருக்கன். கடைசி வாங்குப் புள்ளைக்கு விளங்காது எண்டு நாமதான் நெனைக்கிற. கதவைத் தொறந்து வெச்சா அதுவும்தான் உள்ள வரும். நல்ல சாமான நெலத்துக்குக் கீழ வெச்சிக்கிட்டு இருக்கிறது கஞ்சத்தனம், சிவகுரு."

தீர்மானம் நிறைவேறிய பிறகு சிவகுருநாதன் அதை ஒப்புக்குச் செய்கிற ஆள் இல்லை. தோற்றவர் அவர், நிறைவேற்ற வேண்டியவரும் அவர். முதலில் சிறிதாகத் தொடங்குவோம் என்று பத்துப் பேரின் பெயரை எழுதினார். பத்துப் பேரும் தகுதி பார்த்துப் பொறுக்கியவர்கள். கூப்பிட்டதே பெரிய காரியம் என்று அவர்கள் ஓடி வருவார்கள், பிறகு ஐந்து பேரையாவது தட்டிக்கழிக்க வேண்டி வரும் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்.

முதல் ஆள் முடி வெட்டுகிற தவராசா. கோவிலில் நாதஸ்வரம் நடந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற மனிதர்.

"ஞாயிறு நாலு மணிக்கோ, ஐயா? கடை."

"ஞாயிறு மூண்டரைக்கு நீங்கள் கடை பூட்டுறதை நான் கண்டிருக்கிறன்."

"ஓம், பூட்டுவன்."

"பூட்டினால் வரலாம்தானே?"

தவராசா கண்ணாடியைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், கதிரையில் அரை முகம் மழித்தபடி இருந்த ஆளைப் பார்த்தார். "பூட்டின கடையை விட்டிட்டு எப்பிடி ஐயா வாறது?" என்றார். பிறகு, "காலமை வையுங்கோவன். காலமை எண்டால் நான் முதல் ஆளாய் வருவன்."

பலசரக்குக் கடை ஜமால்தீனுக்கு ஞாயிறு நாலு மணிக்கு முதுகு பிடிக்குமாம். ஆறு மணிக்கு விட்டுவிடுமாம். பாங்கில் வேலை செய்கிறவருக்கு அந்த நேரம் வீட்டில் தென்னை ஏற ஆள் வரும். ஒவ்வொரு ஞாயிறுமா என்று கேட்டதற்கு, "ஒரே ஒரு மரம்தான், ஆனால் உயரம்" என்றார். இப்படிப் பத்துப் பேரும். பத்துப் பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பத்துப் பேரும் வேறு நேரம் கேட்டார்கள்.

சிவகுருநாதனுக்கு மரியாதை புதிதில்லை. அவர் தபால் கந்தோரில் ரேடியோ லைசன்ஸ் பிரிவின் பிரதம எழுதுவினைஞர். அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் லைசன்ஸ் எடுக்க வேண்டும். எடுக்காதவர்களின் பெயர் விலாசத்தை அவர் தயவு தாட்சண்யம் இல்லாமல் மேலிடத்துக்கு எழுதுவார். தன் சொந்தத் தங்கை புருஷனையே எழுதியவர். அவர் தெருவால் நடந்து போனால் இரண்டு பக்கமும் வீடுகளில் பேச்சு அடங்கும். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்தப் பத்து மறுப்பும் அவரைச் சுட்டது. ஊர் வரக்கூடாது என்று வாதாடியவர் அவர்தான். இப்போது ஊர் வர மாட்டேன் என்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துப் படுத்தால் நித்திரை வரவில்லை. வரவேண்டாம் என்று நாங்கள் சொல்வது வேறு. வரமாட்டோம் என்று அவர்கள் சொல்வது வேறு. றஊபின் இசைக்கு இந்த ஊரில் இப்படி ஒரு அவமானமா?

அடுத்த நாள் காலை, குசினியில் நின்ற மனைவி கமலாதேவியிடம் போனார். மூன்று வருடமாக ஞாயிறு மாலைகளில் தொழிற்சங்கக் கூட்டம் என்றுதான் அவளிடம் சொல்லி வந்திருந்தார்.

"இஞ்சை பாரும், வாற ஞாயிறு ஒரு இசை நிகழ்ச்சி. நீரும் வாரும்."

"நீங்களும் இசையும்? ஆர் பாடுகினம்?"

"பாட்டு இல்லை. தாளமும் இல்லை. பெட்டியால வாற ஒலி. சும்மா விளங்காது. இருந்து, மனசை அடக்கிக் கேக்க வேணும்."

கமலாதேவி கரண்டியை அப்படியே பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு விட்டாள். "எத்தனை மணிக்கு?"

"நாலு."

"நாலு மணிக்கோ. ஐயோ, எனக்கு ஏலாதப்பா. ஆறு மணிக்கு வையுங்கோவன்."

"நாலு மணிக்கு உமக்கு வீட்டில என்ன வேலை?"

"உடுப்பு மடிக்கிறது," என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் உடுப்புக்காக அவரைக் கைவிட்டாள். அந்தக் கோபத்தோடு சிவகுருநாதன் லைலா டீச்சரிடம் போனார்.

"பிழை ஆக்களில இல்ல," என்றார் டீச்சர். "இந்தக் காலத்தில நெலத்துக்குக் கீழ வாங்க எண்டு கூப்பிட்டா ஆரு வருவா? ஷெல் அடிக்கிற நேரம் இருக்கிற எடமெல்லோ அது. மேல எடுப்பம். மண்டபம் ஒண்டு பாருங்க."

துறைமுக வீதியில் வாசிகசாலை மண்டபம் ஒன்று இருந்தது. இருநூறு கதிரை. ஒரு கதிரைக்கும் ஆள் வராது என்று பயந்தவர் பத்துக் கதிரைக்குப் பதில் இருநூறு கதிரையை எடுத்தார். பெரிய இடம் என்றால் பெரிய ஆட்கள் வருவார்கள் என்பது அவர் நியாயம்.

மண்டபத்தில் கூட்டம் என்றால் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கிற அதிகாரி சிங்களவர். தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசுவார். விண்ணப்பத்தை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"மியூசிக்?"

"ஓம் சேர். மியூசிக் மட்டும்."

"ஸ்பீச் இல்லை?"

"ஒரு சொல்லும் இல்லை சேர்."

அதிகாரி பேனையைத் திறந்து, நேரம் எழுதியிருந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார். "ஞாயித்துக்கிழமை நாலு மணி," என்றார். முகம் வாடிவிட்டது. "ஏன் நாலு? மூணு போடலாம். ஆறு போடலாம். நான் ஆறு தாறன், ஏழு தாறன்."

"நாலுதான் சேர். மாத்த ஏலாது."

"நான் வந்து பாக்கணும். கூட்டம் எண்டால் நான் வந்து நிக்கணும், சட்டம்." அவர் ஜன்னலால் வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்தை வைத்தார். "சரி. உங்களை நம்புறன். நான் வரயில்லை."

காவலுக்கு வருகிற அதிகாரி கூட வராத நிகழ்ச்சியாக அது ஆகிப் போனது.

இனி விளம்பரம் ஒன்றுதான் வழி என்று சிவகுருநாதன் அச்சகத்துக்குப் போனார். "இலவச மின்னிசை. யாவரும் வருக" என்று தன் முத்துப் போன்ற கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அச்சகத்து ஹிஸ்புல்லா தமிழ் படித்தவர், பிழை கண்டால் பொறுக்க மாட்டார். மின்னிசை என்று ஒரு சொல்லை அவர் எங்கேயும் கண்டதில்லை. பாவம், கந்தோர் ஐயா கை தவறி எழுதிவிட்டார் என்று தானே திருத்தினார். வெள்ளி காலை முந்நூறு சுவரொட்டிகள் பட்டினமெங்கும் நின்று சொல்லின: "இலவச மின்விசை. யாவரும் வருக. தொடர்பு: சி. சிவகுருநாதன், தபால் கந்தோர்."

பத்து மணிக்கு லைசன்ஸ் பிரிவின் முன்னால் வரிசை தொடங்கியது. பதினொரு மணிக்கு அது முத்திரை விற்கிற ஜன்னலைத் தாண்டி, படியிறங்கி, தெருவுக்கு வந்துவிட்டது. கரண்ட் வருகிற நேரத்தை விடப் போகிற நேரம் கூடின காலம் அது. தோப்பூரில் இருந்து கூட ஒருவர் படகேறி வந்திருந்தார்.

"ஐயா, வீட்டுக்கு எத்தனை பல்ப் தருவீங்க?"

"எங்கட வீட்டுக்குத் தூண் இல்லை. தூணும் இலவசமோ?"

சிவகுருநாதன் கதிரையில் ஏறி நின்று விளங்கப்படுத்தினார். இது மின்சாரம் இல்லை, இசை. மின்சாரத்தால் வருகிற இசை. வரிசை நம்பவில்லை. அரசாங்க ஆள், முதலில் இப்படித்தான் சொல்லுவார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை என்று தெரிந்தும் வாயை விட்டார்.

"எதுவாய் இருந்தாலும் மண்டபத்துக்கு வாங்கோ. அங்கை பேசலாம். ஞாயிறு நாலு மணி."

வரிசை முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. முன்னால் நின்ற அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "நாலு மணிக்கோ? படிவத்தைத் திங்கக்கிழமை வந்து எடுத்தால் காணாதோ, தம்பி?"

"திங்கள் இல்லை. ஞாயிறு. நாலு."

"அப்ப வேண்டாம்," என்றாள் அந்த அம்மா. விளக்குமாற்றால் கூட்டிய மாதிரி ஐந்து நிமிடத்தில் வரிசை கலைந்தது. இலவசக் கரண்டைக் கூட வேண்டாம் என்று விட்டுப் போகிற சனத்தை, உத்தியோகத்தில் இருந்த முப்பது வருடத்தில் அவர் கண்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சிவகுருநாதன் ஒரு முடிவோடு றஊபின் கடைக்குப் போனார். நிகழ்ச்சியை நிற்பாட்டிவிட வேண்டும். குறிப்பேட்டில் என்ன எழுதினாலும் சரி, பதினெட்டுச் சட்டமும் போனாலும் சரி, இந்த மனிதனை இருநூறு வெறுங் கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் இருத்த ஏலாது. கடையில் ரேடியோக்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான். எல்லாரும் ஞாயிறு மத்தியானத்துக்கு முன்னால் திருத்தித் தரச் சொல்லுவார்கள். றஊப் அந்தக் குவியலுக்கு நடுவில் இருந்து, வேலை செய்யாமல், மடியில் ஒரு புது வெள்ளைச் சேட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரபீக்கா தச்சுத் தந்தா," என்றார், மனைவியைக் குறித்து. "நாளைக்குப் போட."

சிவகுருநாதன் ஒரு ரேடியோவைத் தள்ளிவைத்துவிட்டு வாங்கில் இருந்தார்.

"சேர், ஒரு கதை சொல்றன், சிரிக்கப்படாது," என்றார் றஊப். மூன்று வருடத்தில் அவர் தானாகப் பேசத் தொடங்கியது அதுதான் முதல் தடவை. "எனக்கு ஆக்கள் வேணும் எண்டு ஒரு ஆசையும் இருக்கல்ல. நீங்க மூணு பேரும் காணும். லைலா ராத்தா கேட்டதுக்குத்தான் சரி எண்ட. ஆனா இந்தக் கிழமை முழுக்க நெனச்சுப் பாத்தன். அறியாத மனுசன் ஒருத்தன், ரேடியோ திருத்த வராதவன், சும்மா வந்து முன்னுக்கு இருந்து கேட்டா எப்பிடி இருக்கும்? ஒருத்தன் காணும். எண்ட கை நடுங்குமோ எண்டு பாக்கணும்."

"வருவினம், றஊப்," என்றார் சிவகுருநாதன். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "கட்டாயம் வருவினம்."

வீட்டுக்குப் போய்க் கமலாதேவியிடம் வடை கேட்டார். சாப்பாடு இருந்தால் பத்துப் பேராவது வருவார்கள். அவள் உழுந்து ஊறப்போட்டாள். ஞாயிறு விடிய எழும்பி இருநூறு வடை சுட்டுப் பெட்டியில் அடுக்கி, "வடை தாறன், ஆள் வரமாட்டன்" என்று கையில் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கி, "கோவிக்காதேங்கோ" என்றும் சொன்னாள்.

நாலு மணிக்குத் துறைமுக வீதியில் ஒரு நாய் கூட இல்லை. ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்களோ என்று சிவகுருநாதன் பயந்து, சந்தி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைகள் பூட்டியிருந்தன. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சோதனைச் சாவடியில் நின்ற இரண்டு பேரும் மணல் மூட்டைக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மேடையில் றஊப் புது வெள்ளைச் சேட்டோடு நின்றார். பெட்டியில் இருந்து ஒரு நீளக் கம்பியை இழுத்துப் போய்க் கூரையின் தகரப் பீலியில் கட்டியிருந்தார். நிலவறையில் அந்தக் கம்பி வளவில் நின்ற பழைய கொடிக்கம்பத்தில் கட்டியிருக்கும். எங்கேயாவது உயரமான இரும்பில் கட்டாவிட்டால் ஒலி நடுங்குமாம். முன்வரிசையில் லைலா டீச்சர். பக்கத்தில் கனகரத்தினம், கேட்கிற காதை மேடைப் பக்கம் திருப்பியபடி. அதற்குப் பின்னால் நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கதிரை. வாசலடி மேசையில் இருநூறு வடை.

"இன்னும் கொஞ்சம் பாத்திட்டுத் தொடங்குவமோ?" என்று லைலா டீச்சர் மெல்லக் கேட்டார்.

"வேணாம் ராத்தா," என்றார் றஊப். "நேரம் போனா காத்து வந்துரும்."

அவர் கையைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

சிவகுருநாதன் சுவரோரம் நின்று கேட்டார். உட்கார மனம் வரவில்லை. நிலவறையில் கேட்ட அதே இசைதான், ஆனால் இங்கே அதற்கு இடம் கிடைத்தது. சங்கிலி இறங்கியது, இறங்கிய இடம் எவ்வளவு ஆழம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது ஒலி ஏறி வந்து மண்டபத்தின் மூலைக்கு மூலை தொட்டது. நடுவில் அந்த யாரும் வாசிக்காத ஒலி துடித்தபோது, வெறுங் கதிரைகள் கூட நிமிர்ந்து இருந்து கேட்கிற மாதிரி அவருக்குப் பட்டது. றஊபின் கை நடுங்கவில்லை. செத்த ரேடியோக்களின் எலும்பை எடுத்து இப்படி ஒன்றை இந்த ஊரில், இந்தக் காலத்தில், இந்தப் பயத்துக்குள் ஒரு மனிதன் செய்திருக்கிறான். அதைக் கேட்க ஊருக்குக் கொடுப்பினை இல்லை. போகட்டும். தன் தலைமுறைக்கே தான் ஒருவன் நின்று கேட்பது போல அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. துடைக்கவில்லை.

அப்போது வாசல் கதவு திறந்தது.

ஒரு மனிதர் உள்ளே வந்தார். மண்டபத்துக் காவற்காரர் ஸெய்னுதீன். கிண்ணியாவில் இருந்து வேலைக்கு வருகிற வயதான மனிதர். வெளிக் கேற்றடியில் கதிரை போட்டு இருப்பவர். அவர் கதிரைகளுக்கு நடுவால் மெல்ல நடந்து வந்தார். ஒருத்தன் காணும் என்று கேட்டவனுக்கு ஒருத்தன் வந்துவிட்டான். சிவகுருநாதன் ஓடிப்போய் முன்வரிசைக் கதிரை ஒன்றைத் தோள் துண்டால் துடைத்தார்.

"இருங்கோ, இருங்கோ. முன்னுக்கே இருங்கோ."

ஸெய்னுதீன் இருக்கவில்லை. தயங்கி, குரலைத் தாழ்த்தி, "சேர், கோவிக்கப்படா," என்றார். "இந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிருவீங்களா? கேற்றடியில இருந்து ரேடியோ கேக்க ஏலாமக் கெடக்கு."

"ரேடியோவோ?" சிவகுருநாதனுக்கு ஒரு கிழமைக் கோபம் முழுக்க ஒன்றாக ஏறியது. "இதை விட்டிட்டு ரேடியோவில அப்பிடி என்ன கேக்கிறீர்?"

கிழவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நீங்க லைசன்ஸ் கந்தோர். உங்களுக்கும் உங்களோட பழகிற ஆக்களுக்கும் சொல்லப்படாது எண்டு ஊரில ஒரு கட்டு. ஆனா வேற வழியில்ல, சொல்றன். ஞாயிறு நாலு மணிக்கு ஒரு மனுசன் வாசிப்பாரு. எந்த ஸ்டேசன், ஆரு, எவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. மூணு வருசமாப் போகுது. லைசன்ஸ் இல்லாத ஸ்டேசனாத்தான் இருக்கும். தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவாங்க எண்டு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கிறம். பட்டினம், கிண்ணியா, மூதூர் எல்லாம் அந்த நேரம் வெளிய ஆள் எறங்காது. கடல்ல போறவனும் வலைய விட்டுட்டுக் கேப்பான். உங்கட பொஞ்சாதி கூட அந்தக் கட்டுக்குள்ளதான்; அவவும் உங்கட பக்கத்து வீட்டில கட்டிக்குடுத்த எண்ட மகள் றம்லாவும் அதப் பத்தித்தான் கெணத்தடியில கதைக்கிற."

அவர் மடியில் இருந்து சின்ன ரேடியோ ஒன்றை எடுத்துச் சிவகுருநாதனின் காதில் வைத்தார்.

நங்கூரச் சங்கிலி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் இரண்டாவது ஒலி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காதில் மண்டபம். மற்றக் காதில் ஊர். தவராசாவின் பூட்டிய கடை, ஜமால்தீனின் முதுகு, அதிகாரியின் ஜன்னல், மடிக்காத உடுப்பு என்று எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஞாயிறு நாலு மணிக்கு இந்த ஊரில் ரேடியோ கேட்காத ஆட்கள் நாலே நாலு பேர்; அந்த நாலு பேரும் நிலத்துக்குக் கீழே இருந்திருக்கிறார்கள். துடைத்து வைத்த கதிரையில் சிவகுருநாதன் தானே உட்கார்ந்தார். இப்படி ஒரு பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

றஊப் என்னவோ ஏதோ என்று கம்பியில் இருந்து கையை எடுத்தார். மண்டபம் ஓய்ந்தது. ரேடியோவும் ஓய்ந்தது.

ஸெய்னுதீன் ரேடியோவை வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு நாலு பேரையும் மாறி மாறி மனத்தாங்கலோடு பார்த்தார்.

"பாத்தீங்களா, சேர். நீங்க போட்ட சத்தத்துக்கு அந்த மனுசன் கோவிச்சுக்கிட்டு நிப்பாட்டிட்டாரு."